ஈரம் தாங்கும் கிட்டார்

அத்தியாயம் பதினான்கு

பீடோங் பஸ் நிறுத்தத்தில் ஷாமளா தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஜோசபின் காரை ஓரம் கட்டியதும் கதவைத் திறந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாகக் காத்திருந்தவள் போல மூச்சு விட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் ஜோசபின்.

"சாப்பிட்டேன் அத்தை."

சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று ஜோசபினுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. காரை எடுத்தாள்.

மருமகளாக வரப்போகிறவளோடு அவள் தனியாக வெளியே கிளம்புவது இதுதான் முதல் தடவை. மகன் ஜோனதன் இந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியை ஜோசபின் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழித்தாள். நாம் மாதா கோயில், அவர்கள் மாரியம்மன் கோயில், இது ஒத்து வராது என்று மகனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. இது தானாகவே முறிந்து போகட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றியும் வேண்டிக்கொண்டாள். அது ஜோனதனுக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரியும்.

முறியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஷாமளாவின் அப்பா சத்தியசீலன் செர்டாங்கிலிருந்து உறவுக்காரர்களோடு வந்து, டிசம்பரில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார். "பொண்ணுக்கு நாம என்ன போடணும்னு அதுகிட்டயே கேட்டுருவோம்" என்றார் ஜோசபினின் கணவர் மோரிஸ். அந்த மனிதர் ஒரு மாதத்தில் பேசுவதே அவ்வளவுதான். எல்லாரும் ஷாமளாவைப் பார்த்தார்கள்.

"சங்கிலி வேணாம் அத்தை. எனக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுங்க."

சத்தியசீலன் மகளை முறைத்தார். ஜோனதனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்றைய தங்கத்தின் விலைக்கு, எடுத்து வைத்த பணத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலிதான் வரும் என்று ஜோசபினுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் முகம் சுருங்கிவிட்டது. எந்தப் பெண் பேச்சு முடிக்கிற நாளில் கிட்டார் கேட்பாள்?

"கிட்டார் வெலை ஐந்நூறு வெள்ளிக்குள்ள பாத்துக்க" என்று அன்று இரவு மோரிஸ் சொன்னார். அதோடு அவருக்கு விஷயம் முடிந்தது. கடைக்குக் கூட்டிப் போகிற வேலை ஜோசபின் தலையில் விழுந்தது.

"உனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியுமா?" சுங்கைப் பட்டாணி சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே கேட்டாள்.

"தெரியாது அத்தை. இனிமேதான் கத்துக்கணும்."

"யாரு சொல்லிக் கொடுப்பா?"

"யூடியூப்ல இருக்கு. எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன்."

"அது எதுக்கு? நம்ம வீட்டுலதான் வைஃபை இருக்கே."

ஷாமளா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒரு சேஃப்டிக்குத்தான்" என்றாள்.

ஜோசபின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னறைக்கு ஏர்கோன் மாட்டியாகிவிட்டது, திரைச்சீலைக்கு நீலத்துணி வெட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் தொழிலே திரைச்சீலை தைப்பதுதான். அவர்கள் குடியிருக்கும் சுங்கை லாலாங்கில் பாதி வீடுகளின் ஜன்னலில் தொங்குவது அவள் கைத்தையல்.

"எதுக்கு அத்தை இவ்ளோ செலவு" என்றாள் ஷாமளா. மரியாதைக்குச் சொல்கிற குரலாக அது இல்லை.

*

இசைக்கருவிக் கடை வங்கிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இருந்தது. கடைக்காரர் சுல்கிப்லிக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரைத்திருந்தது. சுவர் முழுக்கக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின.

"வாங்கக்கா. பேரப் பிள்ளைக்கா?"

"மருமகளுக்கு" என்றாள் ஜோசபின். அந்தச் சொல்லை வெளியாள் ஒருவரிடம் சொல்வது அதுவே முதல் முறை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

சுல்கிப்லி பளபளக்கும் நீல நிறக் கிட்டார் ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்தார். "புதுசா கத்துக்கிறவங்க எல்லாம் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க. வெலயும் கம்மி."

ஷாமளா அதை மடியில் வைத்தாள். குனிந்து, கம்பிகளுக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு கம்பியை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கம்பி ரொம்ப ஒசரமா நிக்குதுண்ணே. இதுல பழகினா ரெண்டே நாள்ல வெரல் வலிச்சு ஒதுக்கிருவேன்."

"படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்று அவர் சிரித்தார். அடுத்து உயரத்தில் தொங்கிய ஒன்றை இறக்கினார். பூச்சு இல்லாத மரத்தின் நிறம். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான்கு தடவை மீட்டினார்.

ஜோசபினுக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தம் கடையின் தரை வழியாக ஏறி வந்தது. முதலில் பார்த்ததற்கும் இதற்கும் தூரம் அதிகம் என்று அவளுக்கே புரிந்தது.

"இதையே எடுத்துக்கலாமே. கொஞ்சந்தானே கூட வருது" என்றாள். தன் வாயிலிருந்தா இது வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஷாமளா கிட்டாரின் முகப்பலகையைத் தடவிப் பார்த்தாள். "இது ஒரே பலகையாண்ணே, ஒட்டுப் பலகையா?"

"ஒரே பலகை. அதனாலதான் இந்தச் சத்தம்."

"அப்ப ஈரத்துக்குத் தாங்காதே."

"நம்ம ஊரு ஈரத்துக்கு ஒண்ணும் ஆகாது தங்கச்சி. ஏர்கோன் ரூம்ல வச்சிக்கிட்டீங்கன்னா போதும்."

"அங்க ஏர்கோன் இல்லண்ணே."

ஜோசபின் நிமிர்ந்து பார்த்தாள். ஷாமளா அவளைப் பார்க்கவில்லை. கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் போல, ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்டாள்.

"ஒட்டுப் பலகையில சின்ன சைஸ் இருக்கா? தோள்ல மாட்டிக்கிட்டு ஏறி எறங்குற மாதிரி."

"இருக்கு. சத்தம் கொஞ்சம் கம்மியா வரும்."

"பரவால்ல. கம்பி துருப்பிடிக்காம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"பூச்சுக் கொடுத்த கம்பி இருக்கு. சாதாக் கம்பிய விட ரொம்ப நாள் வரும்."

"அப்ப ஒரு வருஷத்துக்கு எத்தன செட்டு வேணும்?"

சுல்கிப்லி தலையைச் சொறிந்தார். "தேவைப்படும்போது வந்து வாங்கிக்குங்களேன். கடை எங்கயும் ஓடிப் போயிராது."

"கம்பிய நாமளே மாத்திக்கலாமா, இல்ல கடைக்குத்தான் கொண்டு வரணுமா?" என்று கேட்டாள் ஷாமளா.

"எங்க கொண்டு போறீங்க தங்கச்சி, காட்டுக்கா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஷாமளா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே இறங்கவில்லை. ஜோசபினுக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. துணியெல்லாம் தேர்ந்தெடுத்து, அளவெல்லாம் கொடுத்துவிட்டு, இனி வரவே மாட்டோம் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்ட வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று இப்படித்தான் சிரிப்பார்கள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் ஜோசபின். "சாப்பிட்டு வந்து பாப்போம். வா."

*

சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் வந்தன. ஷாமளா ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒன்றையும் வாயில் போடாமல் தட்டின் ஓரத்தில் குவித்தாள்.

"எங்க ஏர்கோன் இல்ல?" என்றாள் ஜோசபின்.

ஷாமளா தலையை நிமிர்த்தவில்லை. "போஸ்டிங் வந்துருச்சு அத்தை" என்றாள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, பீடோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டு, நிரந்தர வேலைக்கு அவள் காத்திருந்தது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இன்னும் வரவில்லை என்றுதான் ஜோனதன் நேற்றுகூடச் சொன்னான்.

"எங்க?"

"சரவாக்."

"கூச்சிங்கா?" கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த மாநிலத்தில் அந்த ஒரு ஊரின் பெயர்தான் ஜோசபினுக்குத் தெரியும்.

"இல்ல. கப்பிட்டுன்னு ஒரு டவுன். அங்கேருந்தும் இன்னும் உள்ள போகணும். படகுலதான் போகணும்."

"எத்தன வருஷத்துக்கு?"

"மூணு வருஷம் கழிச்சுத்தான் மாத்தல் கேக்கலாம். வேற எடம் கேட்டு ரேயுவான் போட்டேன் அத்தை. முடியாதுன்னுட்டாங்க. அடுத்த மாசக் கடைசியில போய்ச் சேரணும்."

"முடியாதுன்னு எப்பச் சொன்னாங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

ஜோசபின் கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல உக்காந்து தேதி குறிக்கறப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஜோனதனுக்கு?"

"இன்னும் சொல்லல."

"சொன்னா ஒன்னய விட்டுட்டுப் போயிருவான்னு பயமா?"

ஷாமளா முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "இல்ல அத்தை. கூட வந்துருவாருன்னு பயம்."

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"வேலய விட்டுட்டுக் கெளம்பிருவாரு. இப்பத்தான் கூலிம் ஃபேக்டரியில சீனியர் டெக்னீஷியன் ஆக்கியிருக்காங்க. அந்த ஆத்தங்கரையில வந்து என்ன செய்வாரு? அவரு அக்கா எவலினும் சிங்கப்பூர்ல இருக்காங்க. நீங்களும் மாமாவும்..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஜோனதன் வரத்தான் செய்வான். யோசிக்காமல் கிளம்புவது அவன் பிறவிக் குணம். பினாங்கில் தங்கிப் படித்த காலத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றவன்.

"போகாம இருந்துட்டா?"

"இந்த வேலை போயிரும். மறுபடி கூப்புட மாட்டாங்க." ஷாமளா பிய்த்த ரொட்டியை மறுபடியும் பிய்த்தாள். குரல் தணிந்தது. "அது மட்டும் இல்ல அத்தை. எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. அதை யாருகிட்டயும் சொல்லத்தான் வெக்கமா இருக்கு."

"ஆசையா? அந்தக் காட்டுக்கா?"

"அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் போன் பண்ணாரு. எந்த ஊரு, என்ன பாடம், எப்ப வருவ, எதையும் கேக்கல. டீச்சருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியுமான்னுதான் கேட்டாரு. முன்னாடி இருந்த டீச்சர் வாசிப்பாராம். அவரு மாத்தலாகிப் போனதுலேர்ந்து பிள்ளைங்க புதுசா வர்ற எல்லார்கிட்டயும் அதைத்தான் கேக்குதுங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியும்னு சொல்லிட்டேன்."

ஜோசபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தே தாரிக் புரையேறி, கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஷாமளாவும் சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பியிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஜோசபின் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் வேண்டிக்கொண்டது காலம் கடந்து கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலம் மகனிடம், உன்னிடம் மறைத்துவிட்டுத் தேதி குறிக்க உட்கார்ந்தவள் இவள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கல்யாணம் நிற்காவிட்டாலும் ஆட்டம் கண்டுவிடும். எதுவும் சொல்லாமல் விட்டாலும் போதும். பெண் போய்விடுவாள், மூன்று வருஷத்தில் எத்தனையோ மாறும், மகன் பின்னறை ஏர்கோனில் அம்மாவோடு இருப்பான். இரண்டு வழியும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஏனோ எதிலும் மனம் ஒட்டவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பெண்ணை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே பார்த்தாளே தவிர, ஒரு ஆளாகப் பார்த்ததில்லை என்று மட்டும் தோன்றியது.

"கல்யாணத்தை நிறுத்திருவோம்னு நீங்க சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள் ஷாமளா.

"அதை எதுக்கு நான் சொல்லணும்" என்று ஜோசபின் எழுந்து காசைக் கொடுத்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஜோசபின் வலது பக்கம் திரும்பினாள்.

"காடி அந்தப் பக்கம் நிக்குது அத்தை."

"கிட்டார் இந்தப் பக்கம்ல இருக்கு."

*

"சின்ன சைஸ். ஒட்டுப் பலகை. கம்பி ஒசரமா நிக்கக் கூடாது" என்று ஜோசபினே சுல்கிப்லியிடம் சொன்னாள். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் மூன்று கிட்டார்களைக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்.

ஷாமளா ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலாவதில் ஓரிடத்தில் அழுத்தும்போது கம்பி தகரத்தில் உரசுவது போலக் கொர்ரென்றது. அடுத்ததில் சுருதி கூட்டும் சாவி ஒன்று திருப்பத் திருப்ப வழுக்கியது. கடைசியாக இருந்தது மங்கிய பழுப்பு நிறம். பார்வைக்கு ஒன்றுமில்லை. அதை மார்போடு அணைத்து, யூடியூபில் பார்த்த மாதிரி விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிகளில் வைத்து அழுத்தி, கட்டை விரலால் மேலிருந்து கீழே இழுத்தாள். பாதிக் கம்பிகள் ஊமையாகவே இருந்தன. ஒன்று மட்டும் தெளிவாக ஒலித்தது.

அவள் மறுபடியும் வைத்தாள், மறுபடியும் இழுத்தாள். இந்தத் தடவை இரண்டு ஒலித்தன. விரல் நுனிகளில் கம்பியின் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஜோசபின் கவனித்தாள்.

"இது போதும்ணே" என்றாள் ஷாமளா.

சுல்கிப்லி ஒரு கம்பியைக் கழற்றி மாட்டிக் காட்டினார். அடுத்ததை அவளையே மாட்டச் சொன்னார். பூச்சுக் கொடுத்த கம்பிக் கட்டுகளை எடுத்து வைத்தார். ஐந்நூறுக்குள்தான் வந்தது. கடைசியாகக் கறுப்புத் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "இது கடையோட அன்பளிப்பு."

ஜோசபின் அந்தப் பையைக் கையில் எடுத்து உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள். தையலை நகத்தால் நெருடினாள். ஒரு நூல் கையோடு வந்தது.

"இது வேணாம் தம்பி. வச்சிக்குங்க."

தன் கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். பெஞ்சில் கிடந்த கிட்டாரின் தலையிலிருந்து அடிவரை நீட்டி அளந்தாள். இடுப்பு போலக் குறுகிய இடத்தில் சுற்றிப் பிடித்தாள். பருத்த பகுதியில் சுற்றினாள். அகலத்தை அளக்கக் குனிந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

ஜோனதன். காலை ஷிஃப்ட் முடிந்து, நண்பனின் காரில் வந்து இறங்கியிருந்தான். இவர்களை வீட்டுக்கு ஓட்டிப் போவதாக ஏற்பாடு.

"என்னம்மா, கிட்டாருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"பை தைக்கப் போறேன்."

"அதான் கடையிலயே பை இருக்கே."

"அது தண்ணிக்குத் தாங்காது."

"எந்தத் தண்ணிக்கு?"

அளவு நாடா ஜோசபின் கையில் அப்படியே நின்றது. அந்தச் சொல் தவறி வந்ததா, மனம் தானாகத் தள்ளிவிட்டதா என்று அதற்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. ஜோனதன் அம்மாவைப் பார்த்தான், ஷாமளாவைப் பார்த்தான். அவள் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

ஜோசபின் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். கார்ச் சாவியை எடுத்து மகன் கையில் வைத்தாள்.

"காடியில போய் உக்காந்து அவகிட்டயே கேளு. நான் பழம் வாங்கிட்டு வரேன்."

*

தெருமுனையில் மெர்போக்கிலிருந்து வந்த லாரி ஒன்று டுரியானைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தது. ஜோசபின் அங்கே போய் நின்றாள். விற்பவன் பழத்தைத் தட்டி, முகர்ந்து, இது நல்லது, அது நல்லது என்று எடுத்துக் காட்டினான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அங்கிருந்து கார் தெரிந்தது. முன்கண்ணாடியில் வானம் விழுந்து உள்ளே இருப்பவர்களின் முகத்தை மறைத்தது. இருவருக்கும் நடுவே நிமிர்ந்து நின்ற கிட்டாரின் தலை மட்டும் தெரிந்தது. ஜோனதனின் கை ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. பிறகு நெடுநேரம் எதுவும் அசையவில்லை.

"ஒடச்சுப் பாக்கட்டுமாக்கா?" என்றான் விற்பவன்.

"வேணாம். ஒங்க கணக்குல பாத்துப் போடுங்க."

கார்க் கதவு திறந்தது. ஜோனதன் மட்டும் இறங்கி வந்தான். கூலிம் ஃபேக்டரியின் சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நடையிலிருந்து ஜோசபினால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"மத்தியானந்தான்."

அவன் தலையாட்டினான். "நானும் வரேன்னு சொன்னேன். வேணாங்கிறா. உங்கம்மா பக்கத்துல யாரு இருக்கான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்றது?"

ஜோசபின் விற்பவனிடம் பழத்துக்குக் காசை நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் போகட்டுமா, வேணாமா?"

அவன் பிறந்ததிலிருந்து இப்படி எத்தனையோ கேட்டிருக்கிறான். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலை, காய்ச்சலுக்கு எந்த டாக்டர். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவளிடம் பதில் தயாராக இருக்கும். சில நேரம் கேட்பதற்கு முன்பே. இப்போதும் இரண்டு பதில்கள் தொண்டை வரைக்கும் வந்தன. போகாதே என்பது ஒன்று. போ என்பது ஒன்று. இரண்டும் உண்மை. இரண்டையும் அவள் மனதாரச் சொல்ல முடியும். அதனாலேயே எதையும் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றாள்.

ஜோனதன் அம்மாவை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு குனிந்து, முள் குத்தாமல் பழப் பையைத் தூக்கிக்கொண்டான்.

காரில் ஷாமளா முன்சீட்டைவிட்டு இறங்கிப் பின்சீட்டுக்கு மாறியிருந்தாள். மாமியார் முன்னால் உட்காரட்டும் என்று நினைத்திருப்பாள். மடியில் குறுக்காகக் கிட்டார் கிடந்தது. கண் சிவந்திருந்தது. அழுது முடித்த முகம்.

ஜோசபின் முன்கதவு வரை வந்தாள். அதைத் திறக்காமல் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கிட்டாரின் கழுத்து அவள் முழங்காலில் முட்டியது. அதைத் தூக்கித் தன் மடியிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள்.

ஜோனதன் டாக்சிக்காரன் மாதிரி முன்னால் தனியாக உட்கார்ந்து காரை எடுத்தான். பெரிய சாலைச் சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருந்தது. வலது பக்கம் திரும்பினால் வீடு. நேரே போனால் தெற்கே, செர்டாங்.

"அத்தை" என்றாள் ஷாமளா. "எங்கப்பாவுக்கும் இன்னும் தெரியாது."

ஜோசபின் கண்ணை மூடித் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேனில் ஏறிய பிறகு, சத்தியசீலன் மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தார். பெண்ணுக்கு இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எம் பிள்ளைய இந்தக் கெடா மாநிலத்த விட்டு மட்டும் அனுப்பிராதீங்கம்மா. அது தாயில்லாம வளந்தது" என்றார். சரி என்று ஜோசபின் வாக்குக் கொடுத்திருந்தாள். அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"செர்டாங்குக்குப் போ" என்றாள்.

ஜோனதன் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். "இப்பவா? போன் போட்டுச் சொல்லிட்டாவது போவோமே."

"போன்ல சொல்ற விஷயமா இது? போ. வெறுங்கையோட போகலையே, டுரியான் இருக்கு."

ஷாமளாவின் கை கிட்டாரின் மேல் இறுகியது. விளக்கு பச்சையானது. ஜோனதன் வலது பக்கம் போட்டிருந்த சிக்னலை அணைத்தான்.